காலைத் தும்மலும் மூக்கடைப்பும்: பெற்றோர் கேள்விகளுக்குக் குழந்தைகள் மருத்துவரின் பதில்கள்

என் மகனுக்கு எட்டு வயது. தினமும் காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல். மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகுகிறது. காய்ச்சல் இல்லை. மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தும் சளி விடவில்லை.
*தாய், திருப்பூர்*

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது சளி மாதிரி தெரியவில்லை, ஒவ்வாமை மாதிரிதான் இருக்கிறது. சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். வாரக்கணக்கில் நீடிப்பது, தண்ணீராக ஒழுகுவது, மூக்கும் கண்ணும் அரிப்பது, காய்ச்சல் இல்லாதது எல்லாம் ஒவ்வாமையின் அடையாளங்கள். மகனுடைய மூக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அரிப்பு தாங்காமல் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்க்கும் பிள்ளைகளுக்கு, நாளடைவில் மூக்கின் குறுக்கே மெல்லிய கோடு விழுந்துவிடும். கண்ணுக்குக் கீழே கருமையும் தெரியும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. ஒவ்வாமையில் அதற்கு வேலையே இல்லை.

காலையில் எழுந்ததும் தும்மல் என்றால் எனக்கு முதலில் சந்தேகம் மெத்தை மேல்தான். கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கின்றன. நம் தோலிலிருந்து உதிரும் செதில்கள்தான் அவற்றுக்கு உணவு. அவற்றின் கழிவு மூச்சோடு உள்ளே போகும்போது தும்மல் வருகிறது. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் இந்தப் பூச்சிகளுக்கு மிகவும் பிடிக்கும்.

முதலில் படுக்கையைக் கவனியுங்கள். பெட்ஷீட், தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வெயிலில் காயவைப்பது நல்லதுதான், ஆனால் பூச்சியின் கழிவு துணியிலேயே தங்கிவிடும், அதனால் துவைத்தே ஆக வேண்டும். பழைய இலவம்பஞ்சு மெத்தையை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் முழுவதும் மூடும் ஜிப் உறை போடுங்கள். கோரைப்பாயில் படுக்கப் பழகிய பிள்ளை என்றால் இன்னும் நல்லது. பொம்மைகளைக் கட்டிலில் குவித்து வைக்க வேண்டாம். மின்விசிறி இறக்கையை ஈரத்துணியால் துடையுங்கள், துடைக்கும்போது பிள்ளை அறையில் இருக்கக் கூடாது. பொங்கலுக்கு ஒட்டடை அடித்து வெள்ளையடிக்கும் நாளிலும் அவனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். படுக்கை அறையில் கொசுவத்திச் சுருளும் சாம்பிராணிப் புகையும் வேண்டவே வேண்டாம், கொசுவலை கட்டுங்கள்.

தயிர், வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். தினமும் இரவில் ஆவி பிடிக்க வைக்கிறோம். சரிதானே?
*தந்தை, மதுரை*

இரண்டுமே தேவையில்லை. மூக்கு ஒவ்வாமைக்குத் தயிரும் வாழைப்பழமும் காரணம் அல்ல, வளரும் பிள்ளைக்குத் திரும்பக் கொடுங்கள். ஆவி இந்த ஒவ்வாமையைக் குணப்படுத்தாது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோய் வரும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதும்.

டாக்டர் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் பயந்து இரண்டே நாளில் நிறுத்திவிட்டேன். பலனும் தெரியவில்லை.
*தாய், கோவை*

உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் மொமெட்டசோன், புளூட்டிகசோன் போன்ற ஸ்ப்ரேக்களில் மருந்தின் அளவு மிகக் குறைவு, இரத்தத்தில் கலப்பதும் மிகச் சொற்பம். தினசரித் தொந்தரவுக்கு இதைவிடப் பலன் தரும் மருந்து என் கையில் இல்லை. மாதக்கணக்கில் எடுக்கும் பிள்ளைகளின் உயரத்தை அவ்வப்போது அளந்து குறித்துவைப்போம், அது எங்கள் வழக்கம்.

இரண்டு நாளில் பலன் தெரியாது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும், தினமும் அடிக்க வேண்டும். அடிக்கும் விதமும் முக்கியம். தலையைச் சற்றுக் குனிய வைத்து, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை என்று பிடித்தால் மருந்து இரண்டு துவாரத்தையும் பிரிக்கும் நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கமாகப் போகும். நடுத்தண்டில் பட்டுக்கொண்டே இருந்தால் இரத்தம் கசியலாம். அடித்த பிறகு பலமாக உறிஞ்சக் கூடாது, உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

இதை அடைப்பு நீக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதை நான்கைந்து நாளுக்கு மேல் விட்டால் அடைப்பு முன்பைவிட மோசமாகும்.

நாங்கள் லண்டனில் இருக்கிறோம். மகளுக்கு 16 வயது. மே, ஜூனில் ஜிசிஎஸ்இ சோதனை (இங்கே 16 வயதில் எழுதும் பொதுத் தேர்வு) வரும்போதே ஹே ஃபீவரும் வருகிறது. கண் கடி தாங்காமல் அழுகிறாள். இலங்கையில் எங்கள் இருவருக்கும் இப்படி இருந்ததில்லை.
*தாய், ஹரோ*

பெயரில் ஹேயும் (வைக்கோல்) ஃபீவரும் (காய்ச்சல்) இருந்தாலும் இதற்கு வைக்கோலும் காரணமில்லை, காய்ச்சலும் வராது. 1819-இல் ஜான் பாஸ்டாக் என்ற லண்டன் மருத்துவர் கோடைதோறும் தனக்கு வரும் இந்தத் தொல்லையை விவரித்து எழுதினார். பிறகு மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி தன் மீதே சோதனை செய்து, மகரந்தம்தான் காரணம் என்று காட்டினார். பிரிட்டனில் புல் மகரந்தம் மே நடுவிலிருந்து ஜூலை வரை பறக்கும், தேர்வுக்காலமும் அதுவே. ஒவ்வாமை உருவாக ஒரு மகரந்தத்தோடு சில ஆண்டுப் பழக்கம் வேண்டும். உங்களுக்கு அங்கே இல்லாதது மகளுக்கு இங்கே வருவது அதனால்தான்.

தும்மல் தொடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். மே தொடங்கும்போதே, அதாவது இரண்டு வாரம் முன்னதாகவே, மேலே சொன்ன மூக்கு ஸ்ப்ரேயை ஆரம்பியுங்கள். மாத்திரை தேவைப்பட்டால் தூக்கம் வரவழைக்கும் குளோர்ஃபெனமின் வேண்டாம், தேர்வு அறையில் தூங்கி வழிவாள். லோரட்டடின், செட்டிரிசின் பற்றிப் பார்மசிஸ்டிடம் கேளுங்கள். செட்டிரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும், அதனால் தேர்வுக்கு முன்பே ஒரு விடுமுறை நாளில் கொடுத்துப் பாருங்கள். கண்ணுக்குச் சோடியம் குரோமோகிளிக்கேட் சொட்டு மருந்து இருக்கிறது. அரித்தால் தேய்க்காமல் குளிர்ந்த ஈரத்துணியை வைக்கச் சொல்லுங்கள். மூக்குத் துவாரத்தைச் சுற்றி வாசலின் தடவினால் மகரந்தம் அதில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்து உடை மாற்றட்டும். அந்த மாதங்களில் தலையணை உறையை வெளியே காயப்போட வேண்டாம்.

அப்புறம், பள்ளிக்கும் இப்போதே சொல்லிவையுங்கள். மூச்சிளைப்பு, இரவு இருமல் ஏதாவது இருந்தால் உங்கள் குடும்ப மருத்துவரான ஜிபியிடம் ஆஸ்துமா பற்றிக் கேளுங்கள், மூக்கும் நுரையீரலும் ஒரே பாதைதான்.

மான்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரையை ஆறு மாதமாகக் கொடுக்கிறோம். தொடரலாமா?
*தந்தை, சேலம்*

எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் அவசியம் பேசுங்கள். இந்த மருந்தால் சில பிள்ளைகளுக்குக் கெட்ட கனவு, கோபம், மனச்சோர்வு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது. வெறும் மூக்கு ஒவ்வாமைக்கு இதை முதல் மருந்தாகத் தர வேண்டாம் என்பது என் கருத்தும்கூட. பிள்ளையின் குணத்திலோ தூக்கத்திலோ மாற்றம் தெரிந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டரை வயது மகளுக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் ஒழுகுகிறது, நாற்றமும் அடிக்கிறது. ஒவ்வாமையா?
*தாய், தஞ்சாவூர்*

ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒழுகும். இந்த வயதில் ஒரு பக்கம் மட்டும், அதுவும் நாற்றத்தோடு என்றால், மணியோ பயறோ பஞ்சோ உள்ளே போயிருக்கலாம். ஊக்கு, பட்ஸ் எதையும் விட்டுக் குடையாதீர்கள், இன்னும் ஆழமாகப் போய்விடும். இன்றே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போங்கள். பொம்மையிலோ ரிமோட்டிலோ உள்ள பட்டன் பேட்டரி எதையாவது காணவில்லை என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். அது சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுத்தண்டை அரித்துவிடும்.