வெள்ளம் வடிந்த வீட்டில் கரண்ட் எப்போது போடலாம்?

கேள்வி: நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்துச் சபையார், பதினெட்டுப் பேர். பாதிப் பேருக்குப் பினாங்குதான் சொந்த ஊர். சுங்கை பினாங்கு வட்டாரத்தில் வெள்ளம் புகுந்த வீடுகளைக் கழுவிக் கொடுக்க வருகிறோம். போன தடவை வேறோர் ஊரில் கழுவி முடித்துக் கரண்ட் போட்டபோது ஒரு தம்பிக்கு ஷாக் அடித்துவிட்டது. எத்தனை நாள் காயவிட வேண்டும்? வீட்டுக்கு 150 வெள்ளி முன்பணம் கொடுத்தால் வயரிங்கை செக் பண்ணித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நாள் கணக்கெல்லாம் துணி காயப்போடுவதற்குத்தான். சுவருக்குள் வயர் ஓடும் பைப்பில் தண்ணீர் புகுந்துவிட்டால் ஒரு வாரம் வெயில் அடித்தாலும் அதற்குத் தெரியாது. பிளக் பாயிண்டின் முதுகில் சேறு ஒட்டிக் காய்ந்திருக்கும். அடுத்த மழைக்குக் காற்றில் ஈரம் ஏறினால் அதுவும் ஈரமாகிவிடும். கடல் பொங்கும் நேரத்தில் ஏறிய வெள்ளமென்றால் உப்பும் சேர்ந்திருக்கும். கரண்ட் கசிய இது போதும்.

அதனால் கரண்ட் போடுவது உங்கள் வேலையே இல்லை. வயர்மேன் மெகர் வைத்து, அதாவது வயரில் கரண்ட் கசியுமா என்று காட்டும் கருவியை வைத்து, அளந்து பார்த்துவிட்டுப் போடட்டும். அளவு எவ்வளவு வர வேண்டும் என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மெகர் கொண்டுவந்தாரா என்று மட்டும் பாருங்கள். டெஸ்ட் பென்னைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வருகிறவர் எதையும் அளக்கப் போவதில்லை.

அந்த 150 வெள்ளிக்காரருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். 2017 நவம்பர் 4 இரவு பெய்த மழையைப் பினாங்கில் யாரும் மறக்கவில்லை. தண்ணீர் முழுசாக வடிவதற்குள் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜாலான் பி. ரம்லி பக்கம் ஒரு பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். “முன்னாடி மெயின் விழுந்துகிட்டே இருந்துச்சு தம்பி, அந்தப் பையன் கைவச்சதிலிருந்து விழவே மாட்டேங்குது” என்று சந்தோஷமாகச் சொன்னார். பெட்டியைத் திறந்தால், கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பை வெட்டும் சுவிட்சான இஎல்சிபியின் மேல் முனையிலிருந்து கீழ் முனைக்குச் சிவப்பும் கறுப்புமாக இரண்டு துண்டு வயர். உயிரைக் காக்கும் சுவிட்சைச் சும்மா உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறான். இதற்கு 280 வெள்ளி.

எரிசக்தி ஆணையம், அதாவது சுருஹான்ஜாயா தெனாகா, கொடுத்த தகுதிச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். வயரிங் மாற்றினால் போராங் ஜி (வேலை முடிந்த சான்று), போராங் எச் (சோதித்த சான்று) இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு பணம் கொடுங்கள். பதிவுள்ளவர் யாரென்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாமாம். போனும் சேற்றில் போன குடும்பம் எங்கே போய்ப் பார்க்கும்? நிவாரண மையத்தில் பெயர்ப் பட்டியலை ஒட்டிவைக்க எவ்வளவு செலவாகிவிடும்? போட்டோவுக்குப் பிடிக்கும் மாதிரிக் காசோலைக்கு ஆளுயர அட்டை கிடைக்கிறது, பட்டியலுக்கு ஒரு ஏ4 தாள் கிடைப்பதில்லை.

ஒரு விலக்கு உண்டு. தண்ணீர் பிளக் பாயிண்ட் உயரத்துக்கு ஏறவே இல்லையென்றால் வயர்மேன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சுவரில் சேற்றுக் கோடு தெரியும். அது எல்லாப் பாயிண்டுக்கும் ஒரு சாணாவது கீழே இருக்க வேண்டும். எல்லாம் என்றால் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருப்பதும், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருப்பதும், அஞ்சடியில், அதாவது வாசலையொட்டிய நடைபாதையில், இருப்பதும் சேர்த்துத்தான். ஆட்டோ கேட் மோட்டாரை எல்லாரும் மறந்துவிடுவார்கள், அது தரையோடு தரையாக இருக்கும். தரையில் நின்ற சாமான்களின் பிளக்கையெல்லாம் பிடுங்கிவிட வேண்டும். அப்புறம், முக்கியமாக, உங்கள் ஆட்கள் வாட்டர் ஜெட்டைச் சுவரில் அடித்திருக்கக் கூடாது. அடித்திருந்தால் வெள்ளம் விட்டுவைத்த பாயிண்டை நீங்களே நனைத்துவிட்டீர்கள், விலக்கும் போயிற்று. இத்தனையும் சரியென்றால் வீட்டுக்காரர் போடட்டும். விழுந்தால் மறுபடி தூக்கிவிட வேண்டாம்.

வாட்டர் ஜெட் பெட்ரோலில் ஓடுவதாகவே கொண்டுவாருங்கள். பக்கத்து வீட்டில் கரண்ட் கேட்டு இழுக்காதீர்கள். கையில் பிடிக்கும் கருவிக்கு 30 மில்லி ஆம்பியரில் விழும் சுவிட்ச் வேண்டுமென்பது சட்டம். பெரும்பாலான வீடுகளில் இருப்பது 100. எஞ்சினை வாசலுக்கு வெளியே வையுங்கள், புகை ஆளைக் கொல்லும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மெயின் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழாமல் இருந்து, பெட்டியும் காய்ந்திருந்தால் இறக்கிவிடுங்கள். பெட்டியே நனைந்திருந்தால் தொடாமல் வெளியே வந்து கரண்ட் கம்பெனியான தெனாகா நேஷனலின் 15454-க்குப் போன் போடுங்கள். கையோடு மாஸ்கிங் டேப்பும் மார்க்கரும் கொண்டுவாருங்கள். இறக்கிய சுவிட்சின் மேல் ஒட்டி, தமிழிலும் மலாயிலும் “போடாதே, ஜாங்ஙான் பாசாங்” என்று பெரிதாக எழுதுங்கள். சீனத்தில் எழுதப் பக்கத்து வீட்டு அங்கிளைக் கேளுங்கள், எழுதிக் கொடுப்பார்.