ஈ1 லைனில் பிட் எரர் டெஸ்ட் சுத்தமாக வந்துவிட்டது, பல்ஸ் ஷேப்பும் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். ஈ1 என்கிற டிஜிட்டல் தொலைத்தொடர்பு லைனில் பிட்டுகள் பிழையில்லாமல் போய்ச் சேர்வது ஒன்று, அவற்றைச் சுமக்கும் மின் துடிப்பின் (பல்ஸ்) வடிவம் சரியாக இருப்பது வேறு. உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. 24 மணி நேர டெஸ்ட் ஒரு பிழைகூட இல்லாமல் முடிந்திருக்கும், ரிப்போர்ட்டில் பல்ஸ் மாஸ்க் (பல்ஸின் வடிவம் அடங்க வேண்டிய எல்லைக்கோடு) என்று ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கும், அதில் ஒரு டிக் போட்டுவிட்டால் வீட்டுக்குப் போகலாம். நானும் அப்படி டிக் போட்டவன்தான்.

முதல் தடவை ஆசிலாஸ்கோப்பில் பார்த்தபோது பல்ஸ் கிட்டத்தட்ட 4.7 வோல்ட் உயரம். இந்த போர்ட்டுகளுக்கான சர்வதேசத் தரமான ஜி.703 விதிப்படி 75 ஓம் கோஆக்ஸ் போர்ட்டில் அது 2.37 வோல்ட், அகலம் 244 நானோ செகண்ட் இருக்க வேண்டும். கார்டு போச்சு என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். கார்டு கொடுத்த கம்பெனியிலிருந்து வந்தவர் என் ஸ்கோப்பைப் பார்த்துவிட்டு, "தம்பி, டெர்மினேஷன் எங்கே?" என்று மட்டும் கேட்டார். கடைசியில் மாட்ட வேண்டிய 75 ஓம் லோடு இல்லாமல், கேபிளை நேராக ஸ்கோப்பின் 1 மெகா ஓம் இன்புட்டில் செருகியிருந்தேன். லோடு இல்லாத போர்ட் இரண்டு மடங்குதானே காட்டும்? அவர் பையிலிருந்து 75 ஓம் டெர்மினேட்டரை எடுத்து மாட்டினார், பல்ஸ் அப்படியே பாதியாக இறங்கியது. அன்று பட்ட அவமானம் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் அதனால்தான் அடுத்த தடவை ஒழுங்காக அளந்தேன். பிட் எரர் சுத்தம். பாசிட்டிவ் பல்ஸ் 2.4 வோல்ட், நெகட்டிவ் 2.15. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே மாஸ்க்குக்குள் இருக்கின்றன, டெஸ்டரும் பச்சை காட்டுகிறது. ஆனால் அதே ஜி.703 விதிப்படி இரண்டின் உயரங்களுக்கும் உள்ள விகிதம் 0.95க்கும் 1.05க்கும் நடுவில் இருக்க வேண்டும். எனக்கு வந்ததோ 1.1க்கு மேல். பக்கத்து ராக்குக்குச் சின்ன கேபிளில் ஓடிய அதே போர்ட், 6 டெசிபல் இழப்பு வைத்ததும் பிழை கொட்ட ஆரம்பித்தது. ரிசீவர் அந்த அளவு இழப்பைத் தாங்கித்தான் ஆக வேண்டும், அதனால் ரிசீவர்மேல் பழி போடவும் வழியில்லை.

"இந்தக் காலத்தில் யார் ஈ1 வைத்திருக்கிறார்கள்" என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு: கேட்டவர் வைத்திருக்கிறார், அது போதும். ஸ்கோப் எதற்கு, டெஸ்டரிலேயே மாஸ்க் இருக்கிறதே என்பவர்களுக்கும் சொல்கிறேன், இருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்துங்கள், பச்சை விளக்கோடு நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான். அந்த ரிப்போர்ட்டில் விகிதத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை என்பது வேறு கதை. ஸ்கோப்பின் காலிபரேஷன் ஸ்டிக்கர் இரண்டு நாள் முன்பு காலாவதியானதற்காகத் திருப்பி அனுப்பினார்கள். அந்த இரவு வேலைக்கான அலவன்ஸும் இன்றுவரை வரவில்லை, ஃபாரம் தப்பாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அளப்பதை அவுட்புட் போர்ட்டிலேயே அளங்கள், லைனின் அந்தக் கடைசியில் போய் மாஸ்க் வைத்தால் எந்த கார்டும் தேறாது. உங்களுடையது 120 ஓம் ஜோடிக் கம்பி என்றால் உயரம் 3 வோல்ட், லோடும் 120 ஓம், இரண்டு கம்பிக்கும் நடுவில் அளக்க வேண்டும். அங்கே போய் 75 ஓம் டெர்மினேட்டரை மாட்டிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.