கலப்பினக் கற்றாழை மழைக்காலத்தில் ஏன் அழுகுகிறது?

திருகோணமலைக்குப் பக்கத்து ஊரான உப்புவெளியில் வளர்க்கும் சிறிய கலப்பினக் கற்றாழைகள் மாரி வந்ததும் அடி அழுகுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மழையைவிட, தண்ணீரைப் பிடித்து வைக்கும் மண்தான் காரணம். இந்தக் குட்டை வகைகள் பலவற்றின் மூதாதைச் செடிகள் மடகஸ்காரைச் சேர்ந்தவை. வெக்கையைத் தாங்கும், ஈரத்தில் ஊறும் வேரைத் தாங்காது.

தொட்டியில் பாதிக்கு மேல் சிறு சல்லியும் உடைத்த செங்கல்லும் இருக்கட்டும். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு இருக்கும். ஐப்பசி முதல் தை வரை கூரைக்குக் கீழே வையுங்கள். சூடான, வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண் முழுக்கக் காய்ந்ததும் தாராளமாக ஊற்றலாம்.

வெயிலில் இலை சிவந்தால் பயப்படாதீர்கள், அந்த நிறத்துக்காகவே பல வகைகளை உருவாக்குகிறார்கள். அடி இலை வெளிறி, தொட்டால் கொழகொழவென்று இருந்தால்தான் ஆபத்து. உடனே பிடுங்கி, கறுத்த பகுதியெல்லாம் போய் நல்ல சதை தெரியும் வரை வெட்டுங்கள். நிழலில் சில நாள் வைத்து வெட்டுவாய் நன்றாகக் காய்ந்த அப்புறம் உலர்ந்த சல்லியில் நடுங்கள்.

விதை போட்டால் தாய்ச்செடி போலவே வராது, பக்கக் கன்றைத்தான் பிரித்து நட வேண்டும். இலையோரத்தில் கரடுமுரடான கட்டி தெரிந்தால் அது சிற்றுண்ணி என்ற, கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உயிரியின் வேலையாக இருக்கலாம். அந்தச் செடியை உடனே தள்ளி வையுங்கள், மற்றதற்கும் பரவும்.