கூரை வேலைக்கு வீடு தேடி வருபவர்களுக்கு முற்பணம் கொடுக்கலாமா?

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, பக்கத்து ஒழுங்கையில் வேலை செய்கிறோம், உங்கள் பிளேட் (கொங்கிரீட் தட்டைக் கூரை) வெடித்திருப்பது ரோட்டில் நின்றே தெரிகிறது, மாரிக்கு முதல் வோட்டர் புரூவ் அடிக்காவிட்டால் கம்பி துருப்பிடித்துக் கொட்டும் என்றார்களாம். மொத்தம் 285,000 ரூபா. 40,000 கொடுத்தாயிற்று, பற்றுத்துண்டு எதுவும் வாங்கவில்லை, திங்கட்கிழமை இன்னும் ஒரு இலட்சம் வேண்டுமாம். கனடாவில் இருந்து மகன் அனுப்பிய காசு. கொடுப்பதா விடுவதா?

கொடுக்காதீர்கள் அக்கா. ரோட்டில் நின்று பார்த்தால் பிளேட்டின் மேற்பக்கம் எவருக்கும் தெரியாது, அந்த ஒரு கதையே போதும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிப்பது உண்மைதான், அதனால்தான் அந்தப் பயம் இங்கே நன்றாக விலை போகிறது. ஆனால் உள்ளே கம்பி துருப்பிடித்தால் பிளேட்டின் அடிப்பக்கம் மண்ணிறக் கறை வரும், கொங்கிரீட் உப்பிக் கழரும். அது வந்த பிறகு மேலே என்ன பூசினாலும் குணமாகாது. அப்படியென்றால் அவர்கள் சொன்ன வருத்தம் மெய்யானால் மருந்து பொய். வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள், கறை இல்லையென்றால் அவசரமும் இல்லை.

இப்படியான வேலைகளில் என்னை எரிச்சல்படுத்துவது வேலை செய்பவனைவிட நடுவில் நிற்கும் புரோக்கர்தான். கொட்டேஷன் எழுதுவது அவர், வேலையைச் செய்யும் பாஸை (தலைமை மேசனை) கூட்டி வருவது அவர், "இந்தக் கடையில்தான் வாங்க வேணும்" என்று ஹார்ட்வெயார் கடையிலும் கொமிஷன் எடுப்பது அவர். வேலை பிழைத்தால் பாஸைக் கைகாட்டிவிட்டுப் போனை நிறுத்திவிடுவார். ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்பவரையும் நம்ப வேண்டாம். பிளேட்டைக் கழுவி, காயவிட்டு, வெடிப்பை அடைத்து, ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. ஈரத்தில் அடித்தது முதல் மாரியிலேயே தோலாக உரியும்.

முற்பணம் கேட்பவன் எல்லாம் கள்ளன் என்றும் நான் சொல்லவில்லை. உண்மையான மேசன் பாஸின் கையில் முதலீட்டுக் காசு இருக்காது. சீமெந்தும் மணலும் அவர் தன் காசில் வாங்க முடியாது, காலையில் ஆட்களுக்குச் சாப்பாடு கொடுக்கவே கடன்படுபவர்கள் இருக்கிறார்கள். அதற்காகக் காசைக் கையில் கொடுக்கத் தேவையில்லை. சாமானை நீங்களே பில்லோடு வாங்கிப் போடுங்கள், கூலியை நாள் சம்பளமாகக் கொடுங்கள். நல்ல பாஸ் இதற்குக் கோபிக்க மாட்டார், சில நேரம் அவருக்கே தலையிடி குறைந்த மாதிரி இருக்கும். கோபிப்பவர் யாரென்று உங்களுக்கே விளங்கும்.

கொடுத்த 40,000? இதில்தான் எனக்குப் பொறுமை போகிறது. பொலிஸுக்குப் போனால் இது சிவில் விஷயம் என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். ஏமாற்றிக் காசு வாங்குவது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம், முறைப்பாட்டைப் பதியச் சொல்லி நில்லுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம், ஆனால் எழுத்து முறைப்பாடு மூன்று மாதத்துக்குள் போக வேண்டும், போனால் "பில் இருக்கிறதா" என்பார்கள். பில் தராதவனைப் பற்றித்தானே முறைப்பாடே! பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குச் சட்டத்தரணி தேவையில்லை, அது நல்லது, ஆனால் எதிராளியை அழைக்க விலாசம் வேண்டும்.

ஆகவே திங்கட்கிழமை அவர்கள் வரும்போது சண்டை பிடிக்காதீர்கள். பக்கத்து வீட்டில் இருந்து ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, "மகன் கேட்கிறான்" என்று சொல்லி அடையாள அட்டையைப் படம் எடுங்கள், மோட்டார் சைக்கிள் இலக்கத்தையும் எடுங்கள். 40,000 வாங்கியதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் வரை வழக்குப் போடலாம், வாய்ப்பேச்சுக்கு மூன்றுதான். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் பிளேட்டில் ஏற விடாமல் அனுப்புங்கள்.

அதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. தெரிந்த பெடியன் ஒருவனை ஏற்றி, பிளேட்டில் தண்ணீர் போகும் குழாய் வாயில் வேப்பமிலை அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதி ஒழுக்கு அங்கேதான்.