ஆங்கிலத்தில் எதிர்காலத் திட்டத்தைச் சொல்ல எப்போதும் 'வில்' (will) போடலாமா?

நாளை ஒருவரைச் சந்திக்க ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறீர்கள். அதை 'ஐ வில் மீட் ஹர் டுமாரோ' என்று சொல்லலாமா என்பது உங்கள் கேள்வி. இலக்கணப்படி தவறில்லை. ஆனால் அந்த நொடியில்தான் முடிவெடுத்தது போலவோ, வாக்குக் கொடுப்பது போலவோ கேட்கும். நேரமும் இடமும் பேசி முடித்த சந்திப்புக்கு 'ஐ ஆம் மீட்டிங் ஹர் டுமாரோ' என்பதே இயல்பு.

முடிவு எப்போது எடுக்கப்பட்டது என்று பாருங்கள். மணி அடிக்கிறது, எழுந்துகொண்டே சொல்கிறீர்கள்: 'ஐ வில் கெட் இட்'. மனதில் முன்பே தீர்மானித்தது, ஆனால் இன்னும் யாரிடமும் ஏற்பாடு செய்யவில்லை என்றால் 'ஐ ஆம் கோயிங் டு லேர்ன் டிரைவிங்'. மழை நம் ஏற்பாட்டில் வருவதில்லை. அதனால் கருமேகத்தைப் பார்த்து 'இட் இஸ் கோயிங் டு ரெயின்' என்றுதான் சொல்ல வேண்டும். ரயில் போன்ற கால அட்டவணை விஷயங்களுக்குச் சாதாரண நிகழ்காலமே போதும்: 'தி டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்'.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது வேறு இடத்தில். 'போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்திலேயே வாக்குக் கொடுக்கிறோம். அந்தப் பழக்கத்தில் 'ஐ கால் யூ' என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அங்கே 'வில்' கட்டாயம் வேண்டும். அப்புறம், 'வென்' தொடங்கும் பகுதிக்குள் 'வில்' கூடாது. 'வென் ஐ வில் ரீச் ஹோம்' தவறு. 'ஐ வில் கால் யூ வென் ஐ ரீச் ஹோம்' சரி. 'இஃப்', 'ஆஃப்டர்', 'அன்டில்' கொண்டு நேரமோ நிபந்தனையோ சொல்லும்போதும் இப்படித்தான்.