கோடையில் ஒரே நாள் ஊட்டி: கேள்வி பதில்

ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டிக்குப் போய் அன்றே திரும்புபவர்களுக்கு நாளில் பாதி சாலையிலேயே போய்விடும். அந்தப் பாதியை முதலில் கழித்துவிட்டு, மிச்ச நேரத்துக்குத் திட்டம் போட்டால் ஏமாற்றம் வராது. வந்த கேள்விகளுக்கு அந்தக் கணக்கை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: கோயம்புத்தூரில் இருந்து கார், நாலு பேர். ராத்திரி வீட்டுக்கு வந்துடணும். லிஸ்ட்ல ஒன்பது இடம் வச்சிருக்கோம். முடியுமா?

முடியாது. மூன்று இடம் வைத்துக்கொள்ளுங்கள், நிம்மதியாகப் பார்க்கலாம்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வழியாக ஊட்டி சுமார் 50 கிலோமீட்டர்தான். சாதாரண நாளில் இரண்டு மணி நேரம். மே மாத சனி, ஞாயிறுகளில் ஒன்பது மணிக்கு மேல் மலையடிவாரக் கல்லாறைத் தாண்டினால் அதே தூரத்துக்கு நான்கு மணி நேரம்கூட ஆகும். பர்லியாறுக்கு மேல் ஒரு பேருந்து வளைவில் சிக்கினாலும் பின்னால் உள்ள அத்தனை வண்டியும் நிற்க வேண்டியதுதான். எனவே கோவையில் இருந்து நாலரைக்குக் கிளம்புங்கள். ஆறு மணிக்குள் மலையேறத் தொடங்கினால் எட்டு மணிக்கு ஊட்டி.

முதலில் தாவரவியல் பூங்கா. 1848-ல் தொடங்கப்பட்டது, 55 ஏக்கர், தொட்டபெட்டா மலையின் கீழ்ச்சரிவில் படிப்படியாக ஏறும். சுமார் 2 கோடி ஆண்டுப் பழைமையான கல்மரத்தையும், மேல் பகுதியில் உள்ள பழைய மரங்களையும் கூட்டம் வருவதற்குள் பார்த்துவிடலாம். பத்து மணிக்கு அங்கிருந்து தொட்டபெட்டா. பிறகு சாப்பாடு. மூன்றாவது இடம் கோத்தகிரிப் பக்கமாக இருக்கட்டும். காரணம், சீசனில் பெரும்பாலும் ஒருவழிப் பாதை: ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. "திரும்பும்போது குன்னூர் சிம்ஸ் பூங்கா பார்த்துக்கலாம்" என்று விட்டால் அது நடக்காது. குன்னூர் முக்கியம் என்றால் அந்த நாளைக் குன்னூருக்கே கொடுத்துவிடுங்கள், ஊட்டியை விட்டுவிடுங்கள். அதுவும் நல்ல நாள்தான்.

படகுச் சவாரிதான் முதலில் வெட்ட வேண்டியது. வரிசையில் நிற்கும் நேரம், படகில் இருக்கும் நேரத்தைப் போலப் பல மடங்கு. ஏரியைக் கரையில் இருந்தே பார்க்கலாம்.

கேள்வி: இ-பாஸ் இன்னும் வேணுமா சார்? பஸ்ல போனாலும் எடுக்கணுமா?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை உள்ளது. 2025 கோடையில் இதற்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000. பாஸ் இலவசம், அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். விதிமுறை மாறக்கூடியது என்பதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வண்டி எண்ணைத் தப்பாக அடித்துவிட்டுச் சோதனைச் சாவடியில் ஓரம் கட்டி நிற்பவர்கள் நிறைய. பாஸைப் படமாகச் சேமித்து வையுங்கள், மலைச்சாலையில் சிக்னலை நம்ப முடியாது.

அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையில்லை.

கேள்வி: மலை ரயில்ல ஏறிப் போய், அதுலயே இறங்கி வரலாமா? ஒரே நாள்ல?

மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணியளவில் கிளம்பும் ரயில் ஊட்டிக்கு வரும்போது கிட்டத்தட்ட நண்பகல். கீழே மேட்டுப்பாளையம் வரை போகும் ரயில் பிற்பகல் இரண்டு மணிவாக்கில் கிளம்பிவிடும். ஊட்டியில் கிடைப்பது இரண்டு மணி நேரம். ரயிலுக்காகவே போகிறீர்கள் என்றால் சரி, அந்தப் பயணம் அதற்குத் தகுதியானதுதான்: 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள். கல்லாறில் இருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே, எஞ்சினின் பல்சக்கரம் கவ்விப் பிடிக்கும் பல்சட்டம் இருக்கும். 12 அடிக்கு ஓரடி உயரும் சரிவு என்பதால் எஞ்சின் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளும். 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கியது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஊரையும் பார்க்க வேண்டும் என்றால் குன்னூர் – ஊட்டி பகுதிக்கு மட்டும் டிக்கெட் எடுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பல்சட்டமும் நீராவி எஞ்சினும் இந்தப் பகுதியில் இருக்காது என்பதை மட்டும் குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். மே மாத டிக்கெட் திறந்த கையோடு தீர்ந்துவிடும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கார். மலை இறங்குறது இதான் முதல் தடவை. பிரேக் சூடாகி வேலை செய்யாதுன்னு பயமுறுத்துறாங்க.

பயம் நியாயமானது. விபத்துகள் பெரும்பாலும் இறங்கும்போதுதான். நீலகிரிச் சாலையில் சுமார் 1,900 மீட்டர் உயரத்தை ஒரே மூச்சில் இறங்குகிறீர்கள். அத்தனை ஆற்றலையும் பிரேக் மட்டுமே வாங்கினால் பேட் கொதித்துப் பிடிப்பை இழக்கும். பிரேக் திரவம் பழையதாக இருந்தால் அது உறிஞ்சிவைத்த ஈரம் ஆவியாகிக் குமிழியாக மாறும். பெடல் பஞ்சுபோல உள்ளே போய்விடும். இரண்டு ஆண்டுக்கு மேல் மாற்றாத திரவம் என்றால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை.

இறங்கும்போது கியரை D-யில் விடாதீர்கள். L, S அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றி 2-ல் வையுங்கள், கொண்டை ஊசி வளைவில் 1. எஞ்சின் உறுமும், சுழற்சி காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடாத வரை அதனால் கெடுதல் இல்லை. மேனுவல் கியர் வண்டிக்கு ஓட்டுநர்கள் சொல்லும் விதி சுலபம்: ஏறின கியரிலேயே இறங்கு. பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வரக் கூடாது. நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுதாக விட வேண்டும். விடும் நேரத்தில்தான் அது ஆறும். நியூட்ரலில் உருட்டுவதும் எஞ்சினை அணைப்பதும் கூடவே கூடாது. அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் துணைவிசை போய்விடும்.

கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி 20 நிமிடமாவது நில்லுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் வளைந்துபோகும், சில சமயம் விரிசலும் விடும். சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தால் கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். இருட்டில் பின்னால் வரும் இரு சக்கர வண்டிக்கு அது எமன்.

ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலைச்சாலை மரபு. கொண்டை ஊசி வளைவில் பேருந்துக்கு முழு அகலமும் வேண்டும். மூக்கை நுழைக்காமல் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள்.

கேள்வி: அதே கேள்வி, மின்சாரக் காருக்கு?

நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு மேலிருந்து இறங்காதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் வேகத்தைக் குறைத்துத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் வசதி வேலை செய்யாது, முழுச் சுமையும் பிரேக்குக்குப் போகும். 80-க்குக் கீழே இருக்கட்டும். ஏறும்போது சமதளத்தைவிட மிக அதிகமாகக் குடிக்கும். இறங்கும்போது ஒரு பகுதி திரும்பி வரும், முழுதும் வராது.

கேள்வி: என் பொண்ணுக்கு ஆறு வயசு. மூணாவது வளைவுலயே வாந்தி எடுத்துடுவா. என்ன செய்றது அண்ணா?

வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரமும் பாலும் வேண்டாம். பின் இருக்கையின் நடுவில் சாலை நேராகத் தெரியும்படி, குழந்தை இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். காது அசைவை உணர்ந்து, கண் அசையாத ஒன்றைப் பார்ப்பதால்தான் குமட்டுகிறது. அதனால்தான் போன், படப்புத்தகம் இரண்டும் கூடாது. தூரத்து மலையைக் காட்டிப் பேச்சுக் கொடுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், காருக்குள் வாசனைத் திரவியம் இருந்தால் எடுத்துவிடுங்கள். மாத்திரை என்றால் குழந்தையின் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்டு கிளம்பும் முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் தொடங்கியபின் கொடுத்தால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

காது அடைப்பதும் இருக்கும். இறங்கும்போது அதிகம். விழுங்க வையுங்கள், தண்ணீரை வாய்வாயாகக் குடிக்கக் கொடுங்கள். கைக்குழந்தைக்கு வண்டியை நிறுத்திப் பால் கொடுங்கள். கடும் சளி இருந்தால் காது வலிக்க வாய்ப்பு அதிகம், பயணத்தைத் தள்ளிப்போடலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. மூச்சுத் திணறல் வருமா?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு ஒரு பகல் தங்குவதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, மேடு ஏறினால் கொஞ்சம் இளைக்கும். இதயம், நுரையீரல் சிக்கல் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அழைத்துப் போகாதீர்கள். பூங்காவின் கீழ்ப்புறம் சமமாக இருக்கும், அங்கேயே உட்கார வைக்கலாம்.

கேள்வி: மே மாசம் ஸ்வெட்டர் தேவையா?

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தை விட ஊட்டி 12 டிகிரி குளிர்ச்சி. நடுப்பகலில் அரைக்கைச் சட்டை போதும், காலை ஏழுக்கும் மழைக்குப் பிறகும் நடுங்கும். கனத்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு அடுக்கும், ஒரு மழைக்கோட்டும் உதவும். குளிர் இருப்பதால் வெயில் சுடாது என்று நினைத்துவிடுகிறார்கள். புற ஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவுக்குக் கூடும். தொப்பி கட்டாயம்.

கேள்வி: தொட்டபெட்டாவுக்கு மூணு மணிக்குப் போனோம், ஒண்ணுமே தெரியல, வெறும் பனி.

2,637 மீட்டர் சிகரம் அது. காலை வெயிலில் சூடாகும் பள்ளத்தாக்குக் காற்று மேலேறிக் குளிர்ந்து, நண்பகலுக்குள் சிகரத்தை மேகமாக மூடும். கோடையில் இரண்டு மணிக்குமேல் இடி மழைக்கும் வாய்ப்பு அதிகம். எனவே பதினொன்றுக்குள் மேலே இருங்கள். கோத்தகிரிச் சாலைப் பிரிவில் நின்று பார்க்கும்போதே உச்சி மூடியிருந்தால் டிக்கெட் எடுக்காமல் திரும்பிவிடுங்கள். இடி கேட்டால் திறந்த உச்சியிலும் தைல மரத்தடியிலும் நிற்காமல் வண்டிக்குள் போய்விடுங்கள்.

கேள்வி: தண்ணி பாட்டில் பிடுங்கிட்டாங்க. குழந்தைக்கு என்ன கொடுக்கிறது?

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, சாவடியிலேயே சோதிப்பார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். வழியில் தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பலாம். இந்தத் தடையை மனதாரப் பின்பற்றுங்கள். வீசிய உறையைச் சோற்று வாசனைக்காக யானையும் காட்டெருமையும் தின்கின்றன. குரங்குக்கு எதையும் போடாதீர்கள். போட்டுப் பழக்கியதால்தான் வளைவுகளில் அவை வண்டிக்குக் குறுக்கே வருகின்றன.

கேள்வி: சாக்லேட் வாங்கினா வீடு வந்து சேர்றப்ப கூழாயிடுது.

கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்குள் உருகிவிடும். கீழே வெயில் அதற்கு மேல். கடைசியாக வாங்கி, செய்தித்தாள் சுற்றி, குளிர்காப்புப் பையில் போட்டு, ஏசி படும் இடத்தில் வையுங்கள், டிக்கியில் வேண்டாம். அல்லது ஊட்டியின் மொறுமொறுப்பான பலகாரமான வர்க்கி வாங்குங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது, உருகாது. நொறுங்கும் என்பதால் மேலே எதையும் அடுக்காதீர்கள்.

கேள்வி: லேட்டாகி ஆறு மணிக்கும் ஊட்டியிலயே இருந்தா உடனே இறங்கலாமா, இருட்டட்டும்னு இருக்கலாமா?

நான்கு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும் என்பதுதான் முதல் பதில். ஆறாகிவிட்டால் மூடுபனி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே கிளம்புங்கள், தாமதிக்க எந்தக் காரணமும் இல்லை. கோத்தகிரிக்குக் கீழே குஞ்சப்பனைப் பக்கம் கோடையில் பலா பழுக்கும், யானைகள் சாலைக்கே வரும். யானை நின்றால் குறைந்தது 50 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஹாரன், பளிச்சென்ற விளக்கு, போன் படம் எதுவும் வேண்டாம். அது நகரும்வரை காத்திருங்கள், தேவையானால் பின்னால் எடுங்கள். அடர்ந்த மூடுபனி என்றால் தாழ்ந்த விளக்கில், சாலையோர வெள்ளைக் கோட்டைப் பிடித்து 20 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். உயர்ந்த விளக்கு பனியில் பட்டு உங்கள் கண்ணையே கூசச் செய்யும். பத்தடி தள்ளிக்கூடத் தெரியவில்லை என்றால் கோத்தகிரியில் அறை எடுத்துத் தங்கிவிட்டுக் காலையில் இறங்குங்கள்.