பிராந்தியப் பாதுகாப்புக் கூட்டணிகளில் இராணுவத்துக்கும் மற்ற வழிகளுக்கும் இடையே எப்படிச் சமநிலை காண்பது?

நிதியில் பாதி படைக்கு, பாதி வளர்ச்சிக்கு என்று பங்கு பிரிப்பதைத்தான் பலரும் சமநிலை என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் இடத்துக்குப் படையை அனுப்பினால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். அதற்குள் யார் என்ன செய்வது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

மலேசியாவுக்கும் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கும் நடுவே கப்பல்கள் போகும் மலாக்கா நீரிணையைப் பாருங்கள். அங்கே கடற்கொள்ளைதான் தொல்லை. அமெரிக்கப் படை அங்கே காவலுக்கு வரலாம் என்று 2004இல் பேச்சு அடிபட்டது. மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒரே குரலில் மறுத்தன. மறுத்தால் போதுமா, தாங்களே செய்து காட்ட வேண்டுமே! சிங்கப்பூரையும் சேர்த்துக்கொண்டு அந்த ஆண்டே ரோந்தைத் தொடங்கின. அடுத்த ஆண்டு வான் ரோந்து வந்தது. ஒவ்வொரு விமானத்திலும் பங்கேற்கும் நாடுகளின் அதிகாரிகள் கலந்தே பறந்தார்கள். யாருடைய கடலுக்கு மேல் பறந்தாலும் அந்த நாட்டு ஆள் உள்ளே இருப்பார். எத்தனையோ ஒப்பந்த வாசகங்களைவிட எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும்.

அரசுகளை உசுப்பியதில் காப்பீட்டுக்காரர்களுக்கும் பங்குண்டு. 2005 ஜூனில் லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் போர் ஆபத்தை மதிப்பிடும் கூட்டுப் போர்க் குழு, நீரிணையைப் போர் ஆபத்துப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. பிரீமியம் ஏறும் என்றதும் கப்பல் முதலாளிகள் கொதித்தார்கள். 2006 ஆகஸ்டில்தான் பெயர் நீங்கியது. இதற்கிடையில், 2005 ஆகஸ்டில், சுமத்ராவின் ஆச்சே மாகாணப் பிரிவினைக் கிளர்ச்சியாளர்களும் இந்தோனேசிய அரசும் சமாதானமானார்கள். நீரிணையின் வடமுனையில் கரையே அமைதியானது. அதனால் கொள்ளை குறைந்த பெருமை முழுவதையும் ரோந்துக் கப்பலுக்குக் கொடுப்பவர்களை நான் நம்புவதில்லை.

ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதி இதற்கு நேர்மாறு. மாலி, நைஜர், புர்கினா பாசோ, சாட், மொரித்தானியா ஐந்தும் ஜிகாதி ஆயுதக் குழுக்களை எதிர்கொள்ள 2014இல் ஜி5 சாஹேல் என்ற கூட்டணியை அமைத்தன. பாதுகாப்பும் வளர்ச்சியும் ஒன்றாகவே போகும் என்று காகிதத்தில் இருந்தது. 2017இல் கூட்டுப் படையும் வந்தது, பிரான்ஸ், ஜெர்மனி, ஐரோப்பிய ஒன்றியம் சேர்ந்து வளர்ச்சிக்குத் தனிக் கூட்டணியும் தொடங்கின. ஆக, ‘மற்ற வழி’ இல்லாமல் இல்லை. ஆனால் சிப்பாய் வந்துபோன கிராமத்துக்குப் பின்னாலேயே நீதிபதியும் ஆசிரியரும் வரவில்லை. வெளிநாட்டுப் பயிற்சி பெற்ற அதிகாரிகளே கடைசியில் ஆட்சியைப் பிடித்தார்கள்: மாலியில் 2020, புர்கினா பாசோவில் 2022, நைஜரில் 2023. மூன்று நாடுகளும் வெளியேற, ஜி5 கூட்டணி கலைந்தது.

புதிதாக எங்காவது கூட்டணி அறிவித்தால் நான் முதலில் தேடுவது ஆயுதப் பட்டியலை அல்ல. படை எப்போது திரும்பும், அன்று காலையில் அந்த ஊர்க் காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் யார் திறப்பார், சம்பளம் யார் கணக்கில் வரும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் இருக்காது.